கத்திரி வெயிலில் கரண்ட் போனால் மீன் தொட்டியில் செய்யக்கூடாதவை

கரண்ட் போனதும் பலர் ஓடுவது ஐஸ் எடுக்க. ஆனால் மீனை முதலில் சாய்ப்பது பெரும்பாலும் மூச்சுத்திணறல்தான். 25 டிகிரி தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 8.2 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 32 டிகிரியில் 7.3தான். சூடு ஏற ஏற மீனுக்குத் தேவையோ கூடுகிறது. ஃபில்டர் நின்றால் நீர்ப்பரப்பும் அசைவதில்லை.

அதனால் மூடியைத் திறந்து, மீன் துள்ளி விழாதபடி வலை போடுங்கள். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால், தொட்டித் தண்ணீரையே மக்கில் மொண்டு ஒரு சாண் உயரத்திலிருந்து ஐந்து நிமிடம் ஊற்றுங்கள். கால் மணிக்கொரு முறை திரும்பச் செய்யலாம். ஃபைட்டர், குராமி மேல்காற்றையும் சுவாசிப்பதால் தாக்குப்பிடிக்கும். கோல்ட்ஃபிஷுக்கு அந்த வசதி இல்லை.

ஐஸ் கட்டிகளை அப்படியே கொட்டாதீர்கள். உறைந்த அரை லிட்டர் பாட்டிலை மூடியோடு மிதக்க விடுங்கள். 60 லிட்டர் தொட்டியில் அது முழுக்க உருகினாலும் ஏறத்தாழ 1 டிகிரிதான் குறையும். அந்த நிதானம்தான் வேண்டும். மூன்று நான்கு பாட்டில்களை ஒரே நேரத்தில் போட்டால் மீன் அதிர்ந்துவிடும். மத்தியானத்தில் மொட்டைமாடி சின்டெக்ஸ் தண்ணீரை ஊற்றித் தொட்டித் தண்ணீரை மாற்றுவது இன்னும் மோசம், அது தொட்டியைவிடக் கொதிக்கும். முந்தின இரவே வாளியில் பிடித்து, குளோரின் நீக்கி, வீட்டுக்குள் வையுங்கள்.

தீனி போடாதீர்கள். வளர்ந்த மீனுக்கு ஒரு நாள் பட்டினி ஒன்றும் செய்யாது. மிஞ்சிய தீனி அழுகினால் இருக்கிற ஆக்சிஜனையும் தின்னும். பராமரிப்பு மின்தடை முன்பே அறிவிக்கப்படுவதால், அன்று காலைத் தீனியையே நிறுத்திவிடலாம். செடி இருக்கிறதே என்றும் நம்ப வேண்டாம், இருட்டில் செடியும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் 3 முதல் 5 வாட் ஏர் பம்பை மட்டும் அதில் மாட்டுங்கள். பவர் பேங்கில் ஓடும் யூஎஸ்பி பம்ப் என்றால் முன்கூட்டியே ஓட்டிப் பாருங்கள். இழுக்கும் மின்சாரம் மிகக் குறைவென்றால் சில பவர் பேங்குகள் தானே அணைந்துவிடும். பம்பை நீர்மட்டத்துக்குக் கீழே வைத்திருந்தால் டியூபில் ஒருவழி வால்வு கட்டாயம். இல்லையென்றால் பம்ப் நின்றதும் தண்ணீர் டியூப் வழியே திரும்பிப் பம்புக்குள் இறங்கும்.

கரண்ட் வந்ததும் கேனிஸ்டர் ஃபில்டரை, அதாவது தொட்டிக்கு வெளியே வைக்கும் மூடிய ஃபில்டரை, உடனே போடுவதுதான் அதிகம் கவனிக்கப்படாத தவறு. சில மணி நேரம் அடைபட்டிருந்தால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து, கழிவைச் சுத்தம் செய்யும் பாக்டீரியா சாகத் தொடங்கும், தண்ணீர் நாறும். போட்டால் அந்த அழுக்கு முழுவதும் தொட்டிக்குள் வரும். திறந்து பழைய தண்ணீரைக் கொட்டி, மீடியாவை (பாக்டீரியா தங்கும் ஸ்பாஞ்ச், கற்கள்) தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசிவிட்டு ஓட்டுங்கள். மறுநாள் அம்மோனியா (மீன் கழிவிலிருந்து வரும் நச்சு) டெஸ்ட் பூஜ்யம் காட்டிய பிறகு தீனி போடலாம்.