ஹைலிகன்டாம்: ஜெர்மனியின் முதல் கடற்குளியல் ஊரைப் பார்ப்பது எப்படி

பால்டிக் கடலின் தென்கரையில், ரோஸ்டாக் நகருக்கு மேற்கே உள்ள ஹைலிகன்டாமுக்கு வருபவர்களில் பலர் காரில் நேராகக் கடற்கரைக்கு வந்து, வெள்ளை மாளிகைகளைப் படம் பிடித்துக்கொண்டு, ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடுகிறார்கள். அப்படிப் பார்த்தால் விலையுயர்ந்த விடுதி ஒன்றைப் பார்த்ததாகத்தான் இருக்கும். இந்த ஊர் எந்த வரிசையில் உருவானதோ அதே வரிசையில் பார்ப்பதே சரியான வழி. அதற்குக் கடலிலிருந்து சுமார் ஆறு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் பாட் டோபரானில் தொடங்க வேண்டும். ஒரு முழு நாள் போதும்.

முதலில் வரலாற்றைச் சற்றுத் தெரிந்துகொள்ளுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்து மருத்துவர்கள் கடல்நீரை நோய்க்கு மருந்தாகப் பரிந்துரைக்கத் தொடங்கியதால், பிரைட்டன், மார்கேட் போன்ற ஊர்கள் செழித்தன. ஜெர்மனியிலோ அப்படி ஓர் ஊர்கூட இல்லை. மார்கேட்டை நேரில் பார்த்திருந்த ஜெர்மன் இயற்பியலாளர் லிஷ்டன்பர்க், நம் நாட்டில் ஏன் இன்னும் ஒரு பொதுக் கடற்குளியலிடம் இல்லை என்று 1793-இல் கட்டுரை எழுதிக் கேட்டார். அதே ஆண்டில், ரோஸ்டாக் பல்கலைக்கழக மருத்துவப் பேராசிரியர் சாமுவேல் கோட்லீப் ஃபோகலின் ஆலோசனைப்படி, மெக்லன்பர்க் கோமகன் முதலாம் ஃபிரீட்ரிஷ் ஃபிரான்ஸ் இங்கே குளியலிடத்தை நிறுவினார். அன்று கடலில் இறங்குவது பொழுதுபோக்காகக் கருதப்படவில்லை. மருத்துவர் சொன்ன அளவில் எடுத்துக்கொள்ளும் சிகிச்சையாகவே அது இருந்தது. குளிர்ந்த கடலில் இறங்க முடியாதவர்கள் சூடாக்கிய கடல்நீரில் தொட்டிக்குள் அமர்ந்து குளித்தார்கள்.

கடற்கரையில் தங்க இடமில்லாத அந்தத் தொடக்க காலத்தில் விருந்தினர்கள் டோபரானில் தங்கி, குதிரை வண்டியில் கடலுக்குப் போய்வந்தார்கள். நீங்களும் அவர்களைப் போலவே தொடங்கலாம். பெர்லினிலிருந்து ரோஸ்டாக்கிற்கு ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். அங்கிருந்து வட்டார ரயிலில் பாட் டோபரான் ஏறத்தாழ இருபது நிமிடம். காலையில் முதலில் சிஸ்டெர்சியர் என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையின் பழைய மடாலயத் தேவாலயத்துக்குப் போங்கள். 1368-இல் அர்ப்பணிக்கப்பட்ட இந்தச் செங்கல் கோதிக் கட்டடத்தின் அளவைப் பார்த்துவிட்டு உயர்ந்த கோபுரத்தைத் தேடுவீர்கள். அந்தத் துறவியர் சபையின் எளிமை விதி அதை அனுமதிக்காததால், கூரையின் மேல் ஒரு சிறு கூம்பு மட்டுமே இருக்கும். உள்ளே சுமார் 1300-ஆம் ஆண்டைச் சேர்ந்த மடக்குக் கதவுகள் கொண்ட பலிபீடம் இருக்கிறது. அதற்கு மட்டுமே அரை மணி நேரம் ஒதுக்கலாம். பிறகு நகர நடுவிலுள்ள காம்ப் என்ற முக்கோணப் பூங்காவில், கட்டடக் கலைஞர் கார்ல் தியோடோர் செவரின் சீன பாணிக் கூரையுடன் கட்டிய இரண்டு மண்டபங்களையும் பாருங்கள். கோமகனின் கோடைக்கால விருந்தினர்கள் கூடிக் களித்த இடம் இது.

அடுத்தது மோல்லி ரயில். இதற்குத் தனிப் பயணச்சீட்டு வாங்க வேண்டும். கோடை விடுமுறையில் கூட்டம் அதிகம் என்பதால் சற்று முன்னதாகவே நிலையத்துக்கு வந்துவிடுங்கள். 900 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளத்தில் ஓடும் இந்த நீராவி ரயில் 1886-இல் ஹைலிகன்டாம் வரையிலும், 1910-இல் அடுத்த கடற்கரை ஊரான இன்றைய க்யூலுங்ஸ்போர்னின் மேற்கு நிலையம் வரையிலும் வந்தது. மொத்தத் தொலைவு 15.4 கிலோமீட்டர். புறப்பட்டவுடன் அமர்ந்துவிடாமல் பெட்டியின் திறந்த முன்மேடையில் நில்லுங்கள். மணியை அடித்துக்கொண்டு எஞ்சின் கடைத்தெருவுக்குள் நுழையும்போது, காபிக் கடை மேசைகளும் கண்ணாடிக் காட்சிப் பேழைகளும் கைக்கெட்டும் தூரத்தில் நகரும்; கரிப்புகை முகத்தில் படும், வெள்ளைச் சட்டை அன்று வேண்டாம். ஊரைத் தாண்டியதும் லிண்டன் என்ற நிழல் மரங்கள் வரிசையாக நிற்கும் சாலை தண்டவாளத்தோடு கூடவே வரும். வழியில் 1822-இல் ஐரோப்பியப் பெருநிலத்திலேயே முதலாவதாக அமைந்த உயர்சாதிக் குதிரைப் பந்தயத் திடலும் இருக்கிறது.

ஹைலிகன்டாமில் இறங்கியதும் கடலை நோக்கி நடந்து, ஏறத்தாழ 200 மீட்டர் நீளமுள்ள நடைபாலத்தின் நுனிவரை போய்த் திரும்பிப் பாருங்கள். வெள்ளைக் கட்டட வரிசை முழுவதும் ஒரே பார்வையில் அடங்கும் இடம் அதுதான். தூண்கள் தாங்கிய குர்ஹவுஸ் என்ற விருந்தினர் மண்டபமும் செவரின் கட்டியதே. குளித்து நலமடைந்தவனை இங்கே மகிழ்ச்சி அழைக்கிறது என்ற பொருளில் அதன் முகப்பில் லத்தீன் வாசகம் பொறித்திருக்கிறார்கள். கிழக்கு ஜெர்மனி அரசு இந்த மாளிகைகளைத் தொழிலாளர்களின் உடல்நல விடுதியாக்கியது. நாடு ஒன்றிணைந்த பின் தனியாருக்குப் போய், 2003-இல் ஆடம்பர விடுதியாகத் திறந்தன. 2007 ஜூனில் எட்டு பெரிய நாடுகளின் தலைவர்கள் கூடிய ஜி8 உச்சி மாநாடு நடந்தபோது ஊரைச் சுற்றிச் சுமார் 12 கிலோமீட்டருக்கு வேலி போட்டார்கள். கோமகனின் ஊர், தொழிலாளர் ஊராகி, மறுபடியும் வசதி படைத்தோரின் ஊராகியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. விடுதி வளாகம் தனியாருடையது. கடற்கரையும் நடைபாலமும் உங்களுக்குப் போதும்.

குளிக்க விரும்பினால் ஜூலை, ஆகஸ்டில் வாருங்கள். அப்போதும் நீர் பெரும்பாலும் 20 டிகிரிக்குள்தான் இருக்கும். உப்பு பெருங்கடலைவிட மிகக் குறைவு, கடல்மட்டத்தின் ஏற்ற இறக்கமும் பெயரளவுக்குத்தான். சில இடங்களில் கூழாங்கல் நிறைந்திருப்பதால் தண்ணீரில் நடக்கும் செருப்பு தேவைப்படும். எஃப்கேகே என்று பலகை வைத்த பகுதியில் ஆடையின்றிக் குளிப்பது வழக்கம். குடும்பத்தோடு போகிறவர்கள் பலகையைக் கவனித்து இடம் தேர்ந்தெடுப்பது நல்லது. குர்டாக்ஸே என்ற கடற்கரைக் கட்டணத்தையும் செலுத்திவிடுங்கள்.

காற்று பலமாக வீசும் கரை இது. ஆகவே ஷ்ட்ராண்ட்கோர்ப் என்ற கூடை இருக்கை ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள். 1882-இல் ரோஸ்டாக்கைச் சேர்ந்த கூடை முடைவோர் வில்ஹெல்ம் பார்ட்டல்மன், வாதநோயுள்ள ஒரு பெண்மணிக்காகப் பின்னிய மூடு இருக்கையிலிருந்து வந்தது இது. காற்றுக்கு முதுகு காட்டும்படி இருக்கையைத் திருப்பிவைத்து, மேற்கூடையைப் பின்னுக்குச் சாய்த்து, அடியிலுள்ள கால்பலகையை வெளியே இழுத்துக்கொண்டால், குளிர் நாளிலும் வெயில் மட்டும் உங்கள்மேல் விழும்.

மாலையில் மோல்லியில் ஏறி க்யூலுங்ஸ்போர்னுக்குப் போங்கள். நடைபாலத்தருகே கடைகளில் ஊறிய ஹெரிங் மீனை வெங்காயத்தோடு ரொட்டியில் வைத்துத் தருவார்கள். புளிப்பு பிடித்தவர்கள் தவறவிடக் கூடாது. அங்கேயே கிழக்கு ஜெர்மனி எல்லைக் காவலர்களின் கண்காணிப்புக் கோபுரம் ஒன்று நிற்கிறது. 1971-இல் ஒரு மருத்துவர் இந்தக் கரையிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர் நீந்தித் தப்பி, மேற்கு ஜெர்மனியின் ஃபேமார்ன் தீவை அடைந்தார். கோபுரத்துக்குப் போகுமுன் டோபரானுக்குத் திரும்பும் கடைசி ரயிலின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் அது முன்னதாகவே புறப்பட்டுவிடும்.