லக்கி டிரா லிஸ்ட்ட வச்சு ஆஃபர் மெசேஜ் அனுப்புறவங்களுக்கு

போன மாசம் சிங்கப்பூர் ஈசூன்ல வீட்டுலயே கேட்டரிங் ஆரம்பிச்சிருக்குற ஒரு தம்பி அவன் ஆர்டர் ஃபார்ம காட்டி, "அண்ணே ஓகேவா பாருங்க"ன்னான். பாத்ததும் சிரிப்பு வந்துடுச்சு, கஸ்டமருங்க தகவல் விஷயத்துல பத்து வருஷத்துக்கு முன்னாடி நான் என்னெல்லாம் தப்பு பண்ணேனோ அத்தனையும் அதுல இருந்துச்சு. பாஸ்வேர்ட ஒட்டி வைக்காதீங்க மாதிரி எல்லாருக்கும் தெரிஞ்சத விட்டுடுறேன்.

ஐசி (அடையாள அட்டை) நம்பர்

கேக்காதீங்க. சட்டம் கேட்டாலோ, ஆளை ரொம்பத் துல்லியமா உறுதிப்படுத்த வேண்டியிருந்தாலோ தவிர, 2019 செப்டம்பர் 1லேர்ந்து வாங்கக் கூடாது. முறுக்கு விக்க எதுக்கு ஐசி?

ஒரு காரியத்துக்கு வாங்குன நம்பர இன்னொண்ணுக்கு யூஸ் பண்றது

நான் பண்ண பெரிய தப்பு இதுதான். இன்னைக்கும் நெனச்சா எரிச்சலா வருது.

தேக்கா பக்கம் கடை வச்சிருந்தப்ப பொங்கலுக்கு ஒரு லக்கி டிரா வச்சேன், சீட்டுல பேரும் ஹேண்ட்போன் நம்பரும் எழுதி பெட்டில போடணும், சீட்டு மேல "பரிசு விழுந்தால் அழைப்போம்"னு மட்டும் அடிச்சிருந்தோம். எண்ணூறு சீட்டுக்கு மேல வந்துச்சு. டிரா முடிஞ்சதும் பார்ட்-டைம் பிள்ளைங்க ரெண்டு பேர உக்கார வச்சு எல்லாத்தையும் எக்செல்ல தட்டி, ஏற்கனவே ஆஃபர் வந்தா சொல்லுங்கன்னு கேட்ட பழைய கஸ்டமருங்க நம்பரோட ஒரே ஷீட்டா சேத்துட்டேன். சீட்டெல்லாம் குப்பைக்குப் போயிடுச்சு. தீபாவளிக்கு மொத்த லிஸ்ட்டுக்கும் பலகார ஆஃபர் அனுப்புனேன்.

மறுநாள் ஒரு ஆன்ட்டி நேரா கடைக்கே வந்துட்டாங்க. "நான் விளம்பரம் வேணாம்னு டிஎன்சி பதிவேட்டுல நம்பர பதிஞ்சிருக்கேன், என் நம்பர் உனக்கு எப்படிக் கிடைச்சுச்சு?" நான் தெனாவட்டா, "நீங்கதானே ஆன்ட்டி எழுதிக் குடுத்தீங்க"ன்னேன். "காட்டு"ன்னாங்க. எதக் காட்டுறது? சீட்டு இருந்திருந்தாலும் அதுல இருக்குறது பரிசுக்கான சம்மதம்தான், பலகாரத்துக்கு இல்ல.

டிஎன்சி 2014 ஜனவரி 2லேர்ந்தே நடைமுறைல இருக்கு. பதிஞ்ச நம்பருக்கு விளம்பரம் அனுப்பணும்னா அவங்க தெளிவா சரின்னு சொன்னதுக்கு எழுத்துலயோ, பின்னாடி எடுத்துக் காட்டுற மாதிரி வேற ரூபத்துலயோ ஆதாரம் வேணும். எங்கிட்ட பேரும் நம்பரும் மட்டும்தான் இருந்துச்சு. யார் எதுக்கு சரின்னு சொன்னாங்கன்னு பிரிக்கவே முடியல, கடைசில விருப்பப்பட்டுக் கேட்டவங்க நம்பரையும் சேத்து மொத்த ஷீட்டையும் அழிச்சேன். திரும்ப அந்த அளவுக்கு லிஸ்ட் சேர ரெண்டு வருஷம் ஆச்சு!

அதனால நம்பருக்குப் பக்கத்துலயே எந்த தேதி, எந்த ஃபார்ம், அதுல இருந்த வாசகம் என்ன, எதுக்கு சரின்னாங்கன்னு எழுதி வைங்க. ஆர்டருக்கு ஒரு பாக்ஸ், ஆஃபருக்கு தனி பாக்ஸ். ஆஃபர் வேணாம்னா ஆர்டரே எடுக்க மாட்டேன்னு அடம்பிடிக்கவும் முடியாது, பொருளக் குடுக்கத் தேவையானதுக்கு மேல சம்மதம் கேட்டுக் கட்டாயப்படுத்த பிடிபிஏ, அதாவது தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், விடாது.

"நாங்கதான் முன்னாடியே சொல்லிட்டோமே"

சட்டத்த அரைகுறையா படிச்சவங்க சொல்றது இது. தகவல் குடுத்துட்டு, மறுக்க டைம் குடுத்து, யாரும் மறுக்கலன்னா சம்மதம்னு எடுத்துக்குற வழி 2021 பிப்ரவரி 1லேர்ந்து இருக்குறது நெஜம்தான். ஆனா விளம்பர மெசேஜுக்கு அது செல்லாது.

முன்கூட்டியே டிக் போட்ட பாக்ஸ்

எடுத்துடுங்க.

தகவல் பாதுகாப்பு அதிகாரி

ஒத்த ஆளா கடை நடத்துனாலும் ஒருத்தர் இருக்கணும், அது நீங்களேதான்.

வேணாம்னு சொன்னவங்க

குடுத்த சம்மதத்த எப்ப வேணா திரும்ப வாங்கிக்கலாம். "ஏன் ஆன்ட்டி, டேஸ்ட் புடிக்கலையா"ன்னு இழுக்காம பேர எடுத்துடுங்க.

பழைய லிஸ்ட்

வாங்குன காரியம் முடிஞ்சா அழிச்சுடணும். அந்தத் தம்பிகிட்டயும் சொன்னேன். அழிச்சிட்டியான்னு நேத்து கேட்டா, "இந்த ஒரு தீபாவளி மட்டும்ணே"ங்குறான்.