கழுத்துத் தேய்மான வலி: வீட்டில் எங்கே தொடங்குவது?

சில மாதங்களுக்கு முன் மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டுக்கு பிசியோதெரபி கொடுக்கப் போயிருந்தேன். அந்த அம்மாவுக்கு 61 வயது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், வாசலில் நின்ற என்னைப் பார்க்க இடுப்போடு சேர்த்து முழு உடம்பையும் திருப்பினார். "கழுத்து எலும்பு தேஞ்சு போச்சாம் தம்பி, இனிமே கழுத்தை ஆட்டவே கூடாதாமே?" என்று கேட்டார்.

ஆட்டத்தான் வேண்டும். எப்படி ஆட்டுவது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கழுத்தில் 7 எலும்புகள். அவற்றுக்கு நடுவில் மெத்தை போல இருக்கும் வட்டுகள் (டிஸ்க்) வயதாக ஆகக் காய்ந்து தட்டையாகின்றன. பின்பக்கத்துச் சிறு மூட்டுகளின் வழவழப்பு குறைகிறது, ஓரங்களில் எலும்பு முள் போல வளர்கிறது. ஐந்து, ஆறு, ஏழாவது எலும்புகளுக்கு நடுவில்தான் இது அதிகம். 60 வயது தாண்டிய பெரும்பாலோரின் எக்ஸ்ரேயில் இதைப் பார்க்கலாம். அவர்களில் பலருக்கு வலியே இருக்காது. அதனால் எக்ஸ்ரே கவரைப் பார்த்துப் பயந்துவிடாதீர்கள். தேய்ந்ததைத் திரும்ப வளர்க்க முடியாது, ஆனால் அதைச் சுற்றி இறுகிப்போன தசையைத் தளர்த்தவும் பலப்படுத்தவும் முடியும். வலியில் பெரிய பங்கு அந்தத் தசைக்குத்தான்.

முதலில் ஒரு சோதனை

கீழே சொல்வதில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியம் வேண்டாம், டாக்டரைப் பாருங்கள். சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுவது, நடக்கும்போது கால் பின்னுவது, கையில் பலம் குறைவது, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் மாற்றம், கீழே விழுந்தபிறகு வந்த வலி, காய்ச்சலோ காரணமில்லாத எடைக்குறைவோ சேர்ந்து வரும் வலி. முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்ற மூட்டு நோய்) இருப்பவர்களின் கழுத்தில் மேல் இரண்டு எலும்புகளின் பிடிப்பு தளர்ந்திருக்கலாம். அவர்கள் டாக்டரைக் கேட்காமல் யாரையும் கழுத்தில் கை வைக்க விடக்கூடாது.

ஒத்தடமும் கையால் பிடித்துவிடுவதும்

வெந்நீர்ப் பையைத் துண்டில் சுற்றி, கழுத்திலும் தோளிலும் 15 நிமிடம் வையுங்கள். சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்கள் சூட்டை வேறொருவர் கையால் பார்க்கச் சொல்லிவிட்டு வைக்க வேண்டும்.

அப்புறம் பிடித்துவிடுவது. இதை மகனோ மகளோ நன்றாகவே செய்யலாம். அம்மாவைச் சாப்பாட்டு மேசைக்கு முன் உட்கார வையுங்கள். மேசைமேல் தலையணை வைத்து, நெற்றியை அதில் சாய்க்கச் சொல்லுங்கள். தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. அது இறங்கினால்தான் தசை விடும். ஒரு ஸ்பூன் நல்லெண்ணெயை இளஞ்சூடாக்கித் தடவிக்கொண்டு, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கும் சதையைக் கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் இடையில் பிடித்து, சப்பாத்தி மாவு பிசைவது போல மெதுவாகப் பிசையுங்கள். பக்கத்துக்கு 5 நிமிடம். பிறகு மண்டை எலும்பு முடியும் இடத்திலிருந்து கீழ்நோக்கி, முதுகெலும்பின் இரண்டு ஓரமும் நீவிவிடுங்கள். எலும்பின் மேலேயே அழுத்தாதீர்கள். கழுத்தின் முன்பக்கம் கையே போகக்கூடாது. "அங்கதான், அங்கதான்" என்று சொன்னால் அழுத்தம் சரி, மூச்சைப் பிடித்துக்கொண்டால் அதிகம்.

நாங்கள் செய்வது இன்னும் கொஞ்சம் கூடுதல். மூட்டு மூட்டாக மெல்ல அசைத்துத் தளர்த்துவோம், தலையைக் கையில் ஏந்தி லேசாக இழுத்துவிடுவோம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இதன் சுகம் மட்டும் தனியாக நெடுநாள் நிற்காது. கழுத்து இளகியிருக்கும் அந்த நேரத்தில் பயிற்சி செய்தால்தான் பலன் தங்கும்.

ஒரு விஷயத்தை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சலூனில் முடிவெட்டி முடித்ததும் தலையைப் பிடித்துச் சடாரென்று திருப்பி நெட்டி எடுப்பார்களே, அது வேண்டாம். மூளைக்குப் போகும் ரத்தக்குழாய்களில் இரண்டு கழுத்தெலும்பின் துளைகள் வழியாகவே ஏறுகின்றன. வேகமாகத் திருகும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்ததுண்டு. அடிக்கடி நடப்பதில்லை என்பது அது நடந்த வீட்டுக்கு ஆறுதலாகாது. சுளுக்கு எடுக்கிறேன் என்று திருகுபவர்களிடமும் இதே எச்சரிக்கை வேண்டும்.

நான்கு பயிற்சிகள், காலையும் மாலையும்

1. நேராக உட்கார்ந்து, குனியாமல் நிமிராமல், மோவாயை நேராகப் பின்னுக்கு இழுங்கள். இரட்டை மோவாய் விழும், அதுதான் அடையாளம். 5 விநாடி, 10 முறை. இது ஒன்றை மட்டும் செய்தாலும் பாதி வேலை முடிந்தது என்பேன்.

2. தலையை மெதுவாக வலப்பக்கம், இடப்பக்கம் திருப்புங்கள். பிறகு காதைத் தோள் பக்கம் சாயுங்கள். தோள் மேலே வரக்கூடாது. பக்கத்துக்கு 5 முறை. வட்டமாகச் சுழற்ற வேண்டாம்.

3. உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலையால் கையைத் தள்ளுங்கள், கை தடுக்கட்டும். தலை அசையவே கூடாது. கால்வாசி பலம் போதும். முன், பின், இரண்டு பக்கம் என ஒவ்வொன்றும் 5 விநாடி, 5 முறை. ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் மூச்சை அடக்காமல் வாய்விட்டு எண்ணுங்கள்.

4. தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் ஒன்றுசேர்த்து விடுங்கள். 10 முறை.

லேசாக வலித்து இரவுக்குள் அடங்கினால் தொடரலாம். மறுநாளும் வலித்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். மரத்துப்போவதோ சுரீர் என்று இழுப்பதோ கைக்குள் இறங்கினால் நிறுத்திவிட்டுக் காட்டுங்கள்.

வீட்டைச் சுற்றிப் பாருங்கள்

அந்த அம்மா வீட்டில் தலைக்கு இரண்டு தலையணை, டிவி பரணை ஒட்டி உயரத்தில். ஆறு மணிக்குமேல் மூன்று சீரியல், அவ்வளவு நேரமும் அண்ணாந்தபடி! டிவியைக் கண் மட்டத்துக்கு இறக்கினோம். மல்லாந்து படுக்க ஒரு தட்டையான தலையணை. ஒருக்களித்துப் படுத்தால் காதுக்கும் தோளுக்கும் உள்ள இடைவெளியை நிரப்பும் உயரம். நடுவில் குழிந்துபோன இலவம்பஞ்சுத் தலையணையைப் பிரித்து அடித்துத் தைத்துக்கொள்ளலாம். அரிவாள்மனையை விட்டு மேடையில் நின்று காய் நறுக்கச் சொன்னேன், முகம் சுளித்தார், ஆனால் செய்தார். போனைக் கண்ணுக்கு நேரே உயர்த்துங்கள். பஸ்ஸில் கடைசி சீட் வேண்டாம், ஒவ்வொரு வேகத்தடையும் கழுத்தில் இறங்கும். கழுத்துப் பட்டையை டாக்டர் சொன்ன சில நாட்களுக்கு மேல் போட்டால் தசை சோம்பிவிடும்.

சென்னையில் எங்கே போவது?

சென்ட்ரல் எதிரில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும், கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்திலும் பிசியோதெரபி உண்டு. வெளியே போக முடியாதவர்கள், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து சிகிச்சை தருவது பற்றி உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். உடம்பைப் பிடித்துவிடும் சித்த மருத்துவ முறையான தொக்கணத்தில் நம்பிக்கை இருந்தால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. எங்கே போனாலும் எக்ஸ்ரேயைக் காட்டுங்கள், எலும்பு பலவீனம் இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

முன்னேற்றத்தை அளக்க எளிய வழி: தினமும் ஒரே நாற்காலியில், ஒரே திசையில் உட்காருங்கள். உடம்பைத் திருப்பாமல் தலையை மட்டும் திருப்பி, கடைசியாக எது கண்ணில் படுகிறது என்று நோட்டில் எழுதுங்கள். ஆறு முதல் எட்டு வாரம் பொறுங்கள். மாம்பலத்து அம்மாவின் நோட்டில் முதல் நாள் "பிரிட்ஜ் ஓரம்" என்று இருந்தது. மூன்றாவது வாரம் "காலண்டர்". ஏழாவது வாரம் நான் போனபோது எழுதவில்லை. நாற்காலியில் இருந்தபடியே தலையைத் திருப்பி, "செருப்பை உள்ள விடுங்க தம்பி, மழை வருது" என்றார்.