ஏஐ காவல் இருக்கிறது, சரி. அதற்கு என்ன சொல்லிக் கொடுத்தோம்?

சீனப் புத்தாண்டுக்கு இரண்டு நாள் விடுமுறை. எனக்குத் தெரிந்த ஓர் அலுவலகக் கட்டடத்தில் ஈ, காக்கை இல்லை. கட்டடத்தைக் குளிரூட்டும் கீழ்த்தளத்துச் சில்லர் இயந்திரங்கள்கூட ஓய்வில்தான் இருந்தன. யாராவது இணையம் வழியாக ஊடுருவினால் கண்டுபிடிக்க அவற்றுக்குக் காவலாக வைத்த ஏஐ மட்டும் விடிய விடிய அலறியது. அதற்குப் பாடமாகக் கொடுத்தது செப்டம்பர் மாதத் தரவு மட்டும். செவ்வாய்க்கிழமை என்றால் காலை எட்டு மணிக்கு எல்லாம் ஓட வேண்டும் என்றே அது படித்திருந்தது. பிறகு ஒரு நாள் போய்ப் பார்த்தேன், அலாரத்தின் மேல் டேப் ஒட்டியிருந்தார்கள்.

விடுமுறை, ஆண்டிறுதி மழை, பராமரிப்பு நாள் எல்லாவற்றையும் காட்டாமல் 'வழக்கம்' எது என்று கற்றுக் கொடுக்க முடியாது. அதற்காக மாதா மாதம் புதுத் தரவைக் கண்ணை மூடிக்கொண்டு ஊட்டுவதும் ஆபத்து. ஊடுருவியவன் ஏற்கெனவே உள்ளே இருந்தால், அவன் செய்வதும் வழக்கமாகிவிடும்.

அடுத்த தவறு, ஏஐ வாங்கும் மதிப்பெண்ணைப் பார்த்து மயங்குவது. சிங்கப்பூர் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தில் 2015 முதல் ஸ்வாட் என்ற சிறிய நீர்ச் சுத்திகரிப்பு ஆலை இருக்கிறது. தாக்கிப் பார்ப்பதற்கென்றே கட்டியது. அங்கே 11 நாள் தொடர்ந்து பதிவெடுத்தார்கள்: 7 நாள் இயல்பான ஓட்டம், 4 நாள் தாக்குதல்கள். அந்த 4 நாள் பதிவிலும் தாக்குதல் நேரம் ஏறக்குறைய 12 சதவீதம்தான். ஆக, எதையும் கண்டுபிடிக்காமல் "எல்லாம் சரி" என்றே சொல்லிக்கொண்டிருக்கும் ஏஐ-யும் நூற்றுக்கு 88 மதிப்பெண் வாங்கிவிடும்! விற்க வருபவரிடம் கேட்க வேண்டியது வேறு: எத்தனை தாக்குதலைப் பிடித்தது, வாரத்துக்கு எத்தனை முறை பொய்யாகக் கத்தியது?

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, திரையில் வரும் எண்ணை அப்படியே நம்புவது. 2010-இல் வெளிச்சத்துக்கு வந்த ஸ்டக்ஸ்நெட் என்ற கணினிப் புழு, ஈரானின் யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களைக் கெடுத்துக்கொண்டே, முன்பு பதிவுசெய்த நல்ல அளவுகளைத் திருப்பிக் காட்டியது. அந்த அளவுகளை மட்டும் படிக்கும் ஏஐ-க்குச் சந்தேகமே வராது. ஆனால் தண்ணீர் பொய் சொல்லாது. ஒரு தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள்: உள்ளே வரும் வால்வு திறந்திருக்கிறது, வெளியேற்றும் பம்ப் நிற்கிறது. மட்டம் ஏறித்தான் ஆக வேண்டும். சென்சார் அசையாமல் ஒரே அளவைக் காட்டினால், ஒன்று அது பழுது, அல்லது யாரோ விளையாடுகிறார்கள். இந்த மாதிரி இயற்பியல் விதிகளையும் ஏஐ-யோடு சேர்க்க வேண்டும். முக்கியமான சில சென்சார்களின் சிக்னலைக் கட்டுப்பாட்டு வலையமைப்பைத் தொடாமல் தனிக் கம்பியில் எடுப்பது இன்னும் நல்லது.

மென்பொருள் நிறுவனம் திறந்து வைத்துவிட்டுப் போன தொலைதூர இணைப்பு, மாற்றாத மறைச்சொல். இவை கிடக்க ஏஐ வாங்குவது, வாசலைத் திறந்துவிட்டுக் கேமரா பொருத்துகிற கதை.

அப்புறம், வால்வை மூடும் அதிகாரத்தை ஏஐ கையில் கொடுக்காதீர்கள். ஒரு பொய் அலாரத்துக்குத் தரவு மையத்தின் குளிரூட்டல் நின்றால், தாக்கியவன் செய்ய நினைத்ததை நாமே செய்து முடித்ததாகும். மனிதரிடம் சொல்லட்டும், ஆனால் புரிகிற மாதிரி. "முரண் அளவு 0.93" என்றால் இரவுப் பணியில் இருப்பவர் என்ன செய்வார்? "வால்வு திறந்திருக்கிறது, பம்ப் ஓடவில்லை, மட்டம் ஏறவில்லை" என்று வந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் போய்விடுவார்.