மோல்டு வெட்டாமல் நைலான் பெட்டி: லேசர் சின்டரிங், ஆரம்பத்திலிருந்து

மூடி போட்ட சிறிய சென்சார் பெட்டி, மொத்தம் இருபது. இதற்கென்று மோல்டு வெட்டினால் அந்தச் செலவே மொத்தப் பணத்தையும் விழுங்கிவிடும். இந்த மாதிரி வேலைக்கு லேசர் சின்டரிங் என்ற 3டி அச்சு முறைதான் என் முதல் தேர்வு. 1980களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல் டெக்கார்டும் அவருடைய பேராசிரியர் ஜோ பீமனும் உருவாக்கியது. பவுடரை 0.1 மி.மீ. அடுக்காகப் பரப்பி, வேண்டிய இடத்தை மட்டும் லேசரால் உருக்கி, அதன்மேல் அடுத்த அடுக்கு.

1. வரைதல்
சுவர் 1.5 மி.மீ. இருக்கட்டும். மூடியின் கீலில் அசையும் பாகங்களுக்கு நடுவே 0.5 மி.மீ. இடைவெளி விடுங்கள், குறைத்தால் இரண்டும் ஒட்டிப்போகும். உள்ளே கூடான பகுதி இருந்தால் பவுடர் வெளியேற ஓட்டை அவசியம். புதிதாக வரைபவர்கள் பெரும்பாலும் மறப்பது இதைத்தான்.

2. ஃபைல்
வரைந்ததை மில்லிமீட்டரில் எஸ்.டி.எல். (3டி அச்சுக்கான ஃபைல் வகை) ஆகச் சேமியுங்கள்.

3. அடுக்குதல்
சுற்றியுள்ள பவுடரே பாகத்தைத் தாங்குவதால் தனியாக முட்டு வேண்டாம். பெட்டிகளைப் பக்கத்திலும் மேலேயும் அடுக்கலாம், ஒன்றையொன்று தொடக்கூடாது. அகலமான தட்டைப் பரப்பைச் சற்றுச் சாய்த்து வையுங்கள்.

4. இயந்திர ஓட்டம்
நைட்ரஜன் நிரம்பிய அறையில் நைலான் 12 பவுடர் கிட்டத்தட்ட 170 டிகிரி செல்சியஸில், உருகுநிலைக்குச் சற்றுக் கீழே காத்திருக்கும். மீதிச் சூட்டை லேசர் கொடுக்கும்.

5. ஆறவிடுதல்
அச்சாக எத்தனை மணி நேரமோ, ஆறவும் ஏறக்குறைய அத்தனை. ஒருமுறை அவசரப்பட்டுச் சூடு தணியும் முன்பே பாகங்களை வெளியே எடுத்தேன். மேசையில் வைத்த மூடி, என் கண்ணெதிரே பொரித்த அப்பளம் போல ஓரம் தூக்கிக்கொண்டது. மொத்த மூடிகளும் வீண். அதற்குப்பின் மாலையில் முடிந்த ஓட்டத்தை மறுநாள் காலைக்கு முன் நான் தொடுவதில்லை.

6. உடைத்தெடுத்தல்
முகக்கவசம் போட்டுக்கொண்டு, பாகங்களைச் சுற்றியுள்ள வெள்ளைப் பவுடர் கட்டியைக் கையால் மெல்ல உதிர்த்துவிடுங்கள். முதலில் பிரஷ், பிறகு காற்று. கீலை லேசாக அசைத்தால் முதலில் முரண்டு பிடிக்கும். இரண்டு மூன்று முறை ஆட்டினால் இடுக்கிலிருந்து பவுடர் கொட்டி, மூடி தானாக விழும். உதிர்ந்த பவுடரைச் சலித்து, புதிய பவுடரோடு கலந்து அடுத்த ஓட்டத்துக்கு வையுங்கள்.

கறுப்பாக வேண்டுமென்றால் சூடான சாயத்தில் முக்கியெடுங்கள், நைலான் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.