பிரான்ஸ்ல படிக்க போறீங்களா? லீவு நாள்ல ரூம்லயே கெடக்காம ஊர் சுத்திப் பாக்குறது எப்படி

தர்மபுரி, பாலக்கோடு, காவேரிப்பட்டணம், ஓசூர்னு நம்ம பக்கத்துல இருந்து பிரான்ஸ்க்கு மாஸ்டர்ஸ் படிக்க கெளம்புற தம்பி தங்கச்சிங்க எல்லாரும் விசா, பீஸ், ரூம் வாடகை இந்த மூணத்தான் திருப்பி திருப்பி கேக்குறாங்க. கேக்க வேண்டியதுதான். ஆனா போய் எறங்குனதுக்கு அப்புறம் வர்ற சனி ஞாயிறு என்ன பண்றதுன்னு யாருமே கேக்குறதில்ல, அப்புறம் காலேஜ், சூப்பர் மார்க்கெட், ரூம்னு ரெண்டு வருசத்த ஓட்டிட்டு ஊருக்கு வந்து நிப்பாங்க, எங்கெங்க போனன்னு கேட்டா காசில்லண்ணாம்பாங்க. எனக்கு அத கேக்கவே வருத்தமா இருக்கும். 26 வயசுக்குள்ள இருக்குற ஒரு ஸ்டூடன்ட்டுக்கு அந்த நாட்டுல பாதி கதவு சும்மாவே தொறக்குது, அது தெரியாம விடுறோம்ங்கிறதுதான் வருத்தம். நான் படிச்சது லியோன்ல, அதனால அந்த ஊர வச்சுதான் நெறைய சொல்வேன், வேற ஊருக்கு போறவங்களுக்கும் பாதிக்கு மேல பொருந்தும்.

மொதல்ல பெட்டி. பெங்களூர்ல இருந்து பாரிஸ்க்கு நேர் ஃப்ளைட் இருக்கு, ஆனா ஏர்போர்ட் தேவனஹள்ளி பக்கம், ஊருக்கு அந்தாண்ட. கிருஷ்ணகிரில இருந்து கெளம்புனா ஓசூர் தாண்டுற வரைக்கும் ஒன்னும் இல்ல, அதுக்கப்புறம் டிராபிக்தான், அதனால நேரம் தாராளமா வச்சுக்கிட்டு கெளம்புங்க. பெட்டில அம்மா மாம்பழம் வைக்க பாப்பாங்க, வேணாம்னு சொல்லிடுங்க. நம்ம ஊர் மாம்பழம்னா உசுருதான், ஆனா ஐரோப்பாவுக்குள்ள பச்சை பழம் காய்கறி கொண்டு போகணும்னா செடி நோய் இல்லன்னு சர்டிபிகேட் வேணும், வாழப்பழம் தேங்காய் அன்னாசி மாதிரி ஒரு சிலதுக்குத்தான் விலக்கு. கருவேப்பிலையும் கூடாது. பால்கோவா, நெய்னு பால் சம்பந்தப்பட்டது, கறி சம்பந்தப்பட்டது எதுவும் கூடாது. மாங்கா ஊறுகா, கேப்ப மாவு, மொளகா பொடி, புளி இதெல்லாம் தைரியமா வைங்க. குக்கர் கொண்டு போறதா இருந்தா ரூம்ல என்ன அடுப்புன்னு முன்னாடியே மெயில்ல கேட்டுக்கோங்க, இண்டக்சன்னா அலுமினியம் குக்கர் வேலைக்கே ஆகாது. நம்ம மூணு பின் பிளக் அங்க சாக்கெட்ல ஏறாது, அடாப்டர் ரெண்டு இங்கயே வாங்கிடுங்க. கரண்ட் நம்ம மாதிரியே 230 வோல்ட்தான்.

போய் எறங்குனதும் ஊர் சுத்துறதுக்கு முன்னாடி முடிக்க வேண்டிய வேலை ஒன்னு இருக்கு. லாங் ஸ்டே ஸ்டூடன்ட் விசாவ 3 மாசத்துக்குள்ள ஆன்லைன்ல வேலிடேட் பண்ணணும், வரி கட்டணும். இத தள்ளிப் போடாதீங்க, மொத வாரத்துலயே முடிச்சு அந்த பிடிஎஃப்ப போன்லயும் மெயில்லயும் வச்சுக்கோங்க. ஏன்னா இனிமே நான் சொல்ற ஓசி என்ட்ரிக்கெல்லாம் நீங்க அங்க முறையா குடியிருக்குறவர்ங்கிறதுக்கு அதுதான் சாட்சி. அத வச்சு ஷெங்கன் நாடுங்களுக்கும், அதாவது ஒரே விசால போய் வர்ற ஐரோப்பா நாடுங்களுக்கும் போய் வரலாம், லியோன்ல இருந்து ஜெனீவா ட்ரெய்ன்ல ரெண்டு மணி நேரம்தான்.

இப்ப அந்த 26 வயசு விஷயம். அரசாங்க மியூசியம், அரசாங்க நினைவுச் சின்னம் நெறையதுல, அங்க முறையா குடியிருக்குற 18ல இருந்து 25 வயசு வரைக்கும் உள்ளவங்களுக்கு டிக்கெட் இல்ல. வெளிநாட்டு ஸ்டூடன்ட்டுக்கும் இது உண்டு. லூவர், ஓர்சே, வெர்சாய் அரண்மனை, ஆர்க் த ட்ரியோம்ஃப், மோன் சான் மிஷேல் மடம், கார்கசோன் கோட்டை எல்லாம் இதுல வரும். டூரிஸ்ட்டா வந்தவங்க வரிசைல நின்னு காசு கட்டுற எடத்துல நீங்க விசா பக்கத்த காட்டிட்டு உள்ள போகலாம். இருந்தாலும் லூவருக்கும் வெர்சாய்க்கும் ஓசியா இருந்தாலும் ஆன்லைன்ல டைம் ஸ்லாட் போட்டுட்டு போங்க. லூவர் செவ்வாக்கிழமை லீவு, ஓர்சேயும் வெர்சாயும் திங்கக்கிழமை லீவு, இத பாக்காம ட்ரெய்ன் டிக்கெட் போட்டுடாதீங்க. ஈஃபில் டவர் இந்த கணக்குல வராது, அதுக்கு காசுதான், ஆனா படி ஏறி ரெண்டாவது மாடி வரைக்கும் போற டிக்கெட் லிஃப்ட்ட விட கம்மி, 674 படி, இளவட்டம்தானே ஏறுங்க. நோத்ர தாம் சர்ச் 2019ல தீப்பிடிச்சு 2024 டிசம்பர்ல திரும்ப தொறந்தாங்க, உள்ள போக யாருக்குமே காசு கெடையாது.

வயசு 24, 25ல போறவங்க ஒரு நோட்டுல பொறந்தநாள் தேதிய எழுதி வச்சுக்கிட்டு அதுக்குள்ள பாக்க வேண்டியத முடிச்சுடுங்க.

லியோன்ல மொதல்ல எங்க போகணும்னு கேட்டா நான் க்ரோவா ரூஸ் மேட்டுக்குத்தான் அனுப்புவேன். நம்ம பக்கம் பட்டுப்பூச்சி வளக்குற வீட்டு பசங்களுக்கு அந்த எடம் வேற மாதிரி இருக்கும். லியோன் ஒரு காலத்துல பட்டு நெசவு ஊரு, அந்த மேட்டுல நெசவாளிங்கதான் குடி. வீடுங்கள கவனிச்சு பாருங்க, ஜன்னல் எல்லாம் நெட்டுக்குத்தா பெருசா இருக்கும், உள்ள கூரை கிட்டத்தட்ட 4 மீட்டர் ஒசரம், எதுக்குன்னா 1804ல வந்த ஜக்கார்டு தறி அவ்ளோ ஒசரம், அது உள்ள நிக்கணும். மெசோன் தே கானுவ்னு ஒரு சின்ன மியூசியம் இருக்கு, தறிய ஓட்டியே காட்டுவாங்க, ஓட்டை போட்ட அட்டை ஒவ்வொன்னா மேல நகரும், எந்த ஓட்டைல ஊசி எறங்குதோ அந்த நூல் மட்டும் எழும்பும், கீழ துணில பூ விழும். அந்த தறி கிட்ட நின்னு பாத்தப்ப எனக்கு தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிதான் ஞாபகம் வந்துச்சு, கூட்ட டிரேல கொட்டி கையில நாலு எடுத்து காதுகிட்ட ஆட்டி பாத்துட்டு வெல கேக்குறது, அந்த வேலையோட மறு முனை இங்க கெடக்குதேன்னு. கூலி கேட்டு 1831ல இந்த நெசவாளிங்க பெரிய போராட்டமே பண்ணாங்க, அதையும் அங்க சொல்வாங்க.

இன்னொன்னும் சொல்லிடுறேன், பட்டு வீட்டு பசங்க தெரிஞ்சுக்கணும். பட்டுப்புழு முட்டை உற்பத்தி பண்ற வித்தகத்துல தாய் அந்துப்பூச்சிய நசுக்கி மைக்ராஸ்கோப்ல பெப்ரின் நோய் இருக்கான்னு பாக்குறாங்கல்ல, அந்த முறைய கொண்டு வந்தவர் லூயி பாஸ்டர். 1865ல இருந்து தெக்கு பிரான்ஸ்ல அலேஸ் ஊர் பக்கம் தங்கி பட்டுப்புழு நோய ஆராய்ச்சி பண்ணாரு. இது மாதிரி நம்ம வீட்டு தொழில் சம்பந்தப்பட்டது அங்க எங்க இருக்குன்னு தேடி போங்க, கூட்டத்தோட செல்ஃபி எடுக்குற எடத்த விட இதுதான் மனசுல நிக்கும். நெசவு மியூசியத்துல எங்க வீட்லயும் கூடு எடுக்குறோம்னு சொன்னா போதும், காட்டுறவங்க வேலைய நிறுத்திட்டு உங்ககிட்ட கேள்வி கேக்க ஆரம்பிச்சுடுவாங்க, உங்க ஃப்ரெஞ்சும் அங்கதான் வளரும்.

மேட்டுல இருந்து எறங்கும்போது ட்ரபூல் வழியா எறங்குங்க. ஒரு வீட்டு கதவ தள்ளி உள்ள போனா நடை, முத்தம், படிக்கட்டுன்னு போய் அடுத்த தெருல வெளிய வரும், பழைய லியோன்லயும் இது நெறைய. பகல்ல தொறந்திருக்கும், காசு இல்ல, ஆனா மேல ஜனங்க குடியிருக்காங்க, அதனால சத்தம் போடாம போங்க. ஃபூர்வியேர் மேட்டுக்கு கேபிள் ரயில் இருக்கு, மெட்ரோ டிக்கெட்டே செல்லும், மேல சர்ச்சும் 2000 வருசத்து ரோமன் தியேட்டரும் ரெண்டுமே ஓசி, வானம் தெளிவா இருந்தா மோன் ப்ளாங் பனி மலையே தெரியும். ஓசூர் ரோஜா தோட்டத்து ஆளுங்க ஜூன் மாசம் தெத் தோர் பார்க்குக்கு போங்க. பார்க், உள்ள இருக்க ஜூ, ரோஜா தோட்டம் எல்லாமே ஓசி. 1867ல லா ஃப்ரான்ஸ்னு ஒரு ரோஜாவ லியோன்ல கியோங்கிறவர் உண்டாக்குனாரு, ஹைப்ரிட் டீ வகைக்கு அதத்தான் மொத பூன்னு சொல்றாங்க, இன்னைக்கு பொக்கேல வர்ற நீளக் காம்பு ரோஜாவுக்கெல்லாம் அதுதான் ஆரம்பம்.

வெளியூர் போறதுக்கு ட்ரெய்ன். பிரான்ஸ் ரயில்வேயோட எஸ்என்சிஎஃப் கனெக்ட் ஆப் போட்டுக்கோங்க. வருசத்துக்கு 49 யூரோவுக்கு அவான்தாஜ் ஜன் கார்டு வாங்குனா டிஜிவிங்கிற வேக ட்ரெய்ன் டிக்கெட்ல 30 சதவீதம் கம்மியாகும், 27 வயசு வரைக்கும் வாங்கலாம். வீகோன்னு ஒரு சீப் ட்ரெய்ன் இருக்கு, அதுல இந்த கார்டு ஓடாது, ஆனா முன்னாடியே போட்டா அதோட வெலையே கம்மி. கார்ல பங்கு போட்டு போறதுக்கு ப்ளா ப்ளா கார், ராத்திரி பஸ்க்கு ஃப்ளிக்ஸ் பஸ். நம்ம ஊர் மாதிரி வண்டி நகரும்போது ஓடி ஏற முடியாது, டிஜிவி கதவு 2 நிமிசம் முன்னாடியே சாத்திடுவாங்க. ஸ்டேஷன் பேர்ல குழப்பம் வரும், கார் த லியோன்ங்கிறது பாரிஸ்ல இருக்கு, லியோன்ல இருக்க பெரிய ஸ்டேஷன் பேரு பார் தியூ, புக் பண்ணும்போது ரெண்டு தடவ பாருங்க. ஸ்ட்ரைக் அடிக்கடி வரும், அதுக்கு பயப்படாதீங்க, எந்த வண்டி ஓடும்னு மொத நாள் சாயங்காலமே ஆப்ல வந்துடும், ஸ்ட்ரைக் நாள்ல பரீட்சைக்கோ ஃப்ளைட்டுக்கோ ட்ரெய்ன நம்பாதீங்க அவ்ளோதான். லியோன்ல இருந்து ஒரு நாள்ல போய் வர்ற எடம்னா அன்சி ஏரி, ட்ரெய்ன்ல சுமார் 2 மணி நேரம், கண்ணாடி தண்ணி, சுத்தி மலை, நாள் பூரா அங்கயே உக்காந்திருக்கலாம்.

சாப்பாட்டுக்குத்தான் நம்ம பசங்க காச விட்டுடுறாங்க. காலேஜ் நாள்ல க்ரூஸ்ங்கிற அரசாங்க ஸ்டூடன்ட் கேன்டீன் போங்க, நான் படிச்சப்ப 3.30 யூரோக்கு முழு சாப்பாடு. வெளிய போற நாள்ல டப்பால புளிசாதம் கட்டிக்கோங்க, யாரும் ஒன்னும் நெனக்க மாட்டாங்க, அந்த ஊர்க்காரங்களே மதியம் பார்க் புல்லுல உக்காந்து டப்பாவ தொறந்துதான் சாப்பிடுறாங்க. ஹோட்டல்ல உக்காந்தீங்கன்னா பாட்டில் தண்ணி கேக்காதீங்க, கராஃப் தோன்னு கேளுங்க, குழாய் தண்ணி ஜக்குல வரும், காசு இல்ல, நல்லாவும் இருக்கும். மதியம் 2 மணிக்கு மேல நெறைய ஹோட்டல்ல சமையல் நிறுத்திடுவாங்க, அப்புறம் ராத்திரி 7க்குத்தான். கடைக்குள்ள போனதும் போன்ஜூர் சொல்லாம நேரா வெல கேட்டுடாதீங்க, அங்க அது பெரிய மரியாதக் குறைவு, சொல்லிட்டு கேட்டீங்கன்னா முகமே மாறும். ஞாயித்துக்கிழமை பெரிய கடை பாதி சாத்திடும், மளிகைய சனிக்கிழமையே முடிச்சுட்டு ஞாயிறு காலைல தெரு சந்தைக்கு போங்க, சந்தை கலையிற நேரம் 1 மணி வாக்குல தக்காளி, பழமெல்லாம் அள்ளி குடுக்குற வெலைக்கு வரும், ராயக்கோட்டை மண்டில வெல விழுறத பாத்து வளந்த பசங்களுக்கு எப்ப வாங்கணும்னு நான் சொல்லித்தரவே வேணாம்.

சில தேதிய மட்டும் இப்பவே போன் காலண்டர்ல போட்டுடுங்க. செப்டம்பர் மூணாவது சனி ஞாயிறு பாரம்பரிய நாள், சாதாரணமா உள்ள விடாத அரசாங்க மாளிகையெல்லாம் தொறந்து விடுவாங்க, நீங்க போய் எறங்கி கொஞ்ச நாள்லயே வரும், அதையே மொத அவுட்டிங்கா வச்சுக்கோங்க. டிசம்பர் 8ஐ ஒட்டி லியோன்ல தீபத் திருவிழா, 1852ல ஜனங்க ஜன்னல்ல மெழுகுவத்தி வச்சதுல ஆரம்பிச்சது, இன்னைக்கும் அன்னைக்கு ராத்திரி வீட்டு ஜன்னல் வரிசையா வெளக்கு எரியும், நம்ம கார்த்திகை தீபமும் அந்த சமயத்துலதான் வரும், ஊரே தெருல நிக்கும், குளிருக்கு நல்ல ஜாக்கெட் போட்டுக்கோங்க. ஜூன் 21 இசைத் திருவிழா, 1982ல இருந்து நடக்குது, தெருவுக்கு தெரு பாட்டு, அந்த சீசன்ல வெளிச்சம் மங்கவே ராத்திரி 10 மணி ஆகும்.

ஆகஸ்ட் கடைசி வாக்குல பாரிஸ் போற வாய்ப்பு கெடச்சா லா ஷப்பேல் ஏரியாவுல மாணிக்க விநாயகர் கோயில் தேர் நடக்கும், எப்பன்னு முன்னாடியே கேட்டு வச்சுக்கோங்க. ஈழத்து ஜனங்க கட்டி காப்பாத்துற கோயில், ரோட்டுல மலை மலையா தேங்கா குவிச்சு ஒடைப்பாங்க, காவடி ஆடும். தேர் இல்லாத நாள்லயும் கார் து நோர் ஸ்டேஷன் பக்கத்துலயே அந்த தெரு, தோசை, கருவேப்பிலை, முருங்கக்கா எல்லாம் கெடைக்கும். அங்க பேசும்போது மரியாதையா அண்ணா, அக்கான்னு பேசுங்க, போர்ல எல்லாத்தையும் விட்டுட்டு வந்து அந்த கடைங்கள நிறுத்துனவங்க நெறைய பேர், ரூமுக்கு ஆள் வேணுமா, பார்ட் டைம் வேல இருக்கான்னு கேட்டா தெரிஞ்சத சொல்வாங்க. ஸ்டூடன்ட் விசால வருசத்துக்கு 964 மணி நேரம்தான் வேல பாக்கலாம், சம்பள ரசீது இல்லாத வேலைக்கு மட்டும் சேராதீங்க.

பத்திரம்னு பாத்தா பாரிஸ் மெட்ரோல கதவு பக்கத்துல நின்னு போன் நோண்டாதீங்க, கதவு சாத்துற நேரத்துல புடுங்கிட்டு எறங்கி ஓடிடுவாங்க. பாஸ்போர்ட்ட சட்டை உள் பாக்கெட்ல வைங்க, பேக் பேக்ல வேணாம். ஆபத்துன்னா 112. பொம்பளப் பிள்ளைங்க ராத்திரி கடைசி மெட்ரோ எத்தன மணிக்குன்னு பாத்துட்டு கெளம்புங்க, கூட ரெண்டு பேரா போங்க.

வீட்டுக்கு எங்க போறேன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டுட்டு போங்க. வெயில் காலத்துல நம்ம ஊர் மூன்றரை மணி நேரம் முன்னாடி, குளிர் காலத்துல நாலரை, அக்டோபர் கடைசிலயும் மார்ச் கடைசிலயும் மாறும். நீங்க ஊர் சுத்திட்டு ராத்திரி 9 மணிக்கு கூப்புட்டா இங்க நடு ராத்திரி தாண்டியிருக்கும், அதனால சாயங்காலம் ட்ரெய்ன்ல திரும்பி வரும்போதே கூப்புட்டு பேசிடுங்க.