பிட்காயினின் உச்ச விலையைப் பணவீக்கம் நீக்கி ஒப்பிடும் முறை

பிட்காயின் புதிய உச்சத்தைத் தொட்டதாகச் செய்தி வரும்போது, அந்த உச்சம் எந்த ஆண்டின் டாலரில் அளக்கப்பட்டது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

2021 நவம்பரில் அதன் விலை ஏறத்தாழ 69,000 டாலரை எட்டியது. 2024 மார்ச்சில் 73,700 டாலரைக் கடந்தபோது பழைய சாதனை முறியடிக்கப்பட்டதாக எழுதப்பட்டது. இதைச் சரிபார்க்க, அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் துறை மாதந்தோறும் வெளியிடும் நுகர்வோர் விலைக் குறியீட்டில் (மக்கள் வாங்கும் பொருட்கள், சேவைகளின் பொதுவான விலை மட்டத்தைக் காட்டும் எண்), பருவகாலத் திருத்தம் (ஆண்டுதோறும் அதே பருவத்தில் வரும் ஏற்ற இறக்கத்தை நீக்குவது) செய்யப்படாத வரிசையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 2021 நவம்பருக்கு 277.948 என்றும் 2024 மார்ச்சுக்கு 312.332 என்றும் உள்ளது. பழைய விலையைப் புதிய குறியீட்டால் பெருக்கிப் பழைய குறியீட்டால் வகுத்தால், 69,000 டாலர் என்பது 2024 மார்ச் மதிப்பில் சுமார் 77,500 டாலராகிறது. ஆகவே வாங்கும் சக்தியின்படி அந்த மார்ச்சில் சாதனை எதுவும் முறியடிக்கப்படவில்லை.

இரு விலைகளையும் ஒரே பரிமாற்றகத்திலிருந்து, அதாவது பிட்காயினை வாங்கி விற்கும் ஒரே தளத்திலிருந்து எடுங்கள். ஒன்றுக்கு நாளின் உச்ச விலையையும் மற்றொன்றுக்கு முடிவு விலையையும் கலந்தால் ஒப்பீடே பிழையாகும்.

ரூபாய் விலையை ஒப்பிடுவோர் இந்திய நுகர்வோர் விலைக் குறியீட்டையே பயன்படுத்த வேண்டும். சிலர் அமெரிக்கக் குறியீட்டால் ரூபாய் விலையைத் திருத்தக்கூடும். அது தவறு, ஏனெனில் ரூபாயின் வாங்கும் சக்தி குறையும் வேகமும் டாலரின் வேகமும் ஒன்றல்ல.